சுவிட்சு அமத்தியாச்சு

நாச்சிமுத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மருதம்மாள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

கொமரலிங்கத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, உடுமலையில் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் திருப்பூர் வந்து சேர்ந்திருந்தார். அவளுடைய அப்பாவின் தம்பி அவர். கையில் மஞ்சள் பை நிறையக் கத்தரிக்காய்.

"உன்ற தங்கச்சி பறிச்சுக் குடுத்தா, கண்ணு. அக்காளுக்குப் பிஞ்சுதான் பிடிக்கும்னு ஒண்ணொண்ணாப் பாத்துப் பறிச்சிருக்கறா."

மருதம்மாள் பையை வாங்கிக்கொண்டாள். பொன்னாத்தாளின் பேச்சை எடுத்தாலே இப்போதெல்லாம் அவளால் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

சித்தப்பா மகள் பொன்னாத்தாளை, தச்சு வேலை செய்யும் தன் கொழுந்தன் குமாரவேலுக்குக் கேட்டுப் பேசி முடித்தவளே அவள்தான். ஆவணியில் முகூர்த்தம் என்று ஆகியிருந்தது. ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, வீட்டை ஒட்டிய சாய்ப்பில் ஓடிக்கொண்டிருந்த ரம்ப மேசை குமாரவேலின் இடது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுவிட்டன. ஆவணி தள்ளிப்போயிற்று. இதோ, புரட்டாசியும் பாதி ஆகிவிட்டது.

ஊர் அறிந்த கதை இதுதான். கரண்டு போன நேரத்தில் பிளேடில் சிக்கியிருந்த துண்டுக் கட்டையைக் குமாரவேல் பிடுங்கப் போனான். சுவிட்சை அணைக்க மறந்துவிட்டான். கரண்டு திடீரென்று வந்துவிட்டது. சமையற்கட்டில் இருந்த மருதம்மாள் பாய்ந்து சுவிட்சை இழுத்து அணைத்திராவிட்டால் மணிக்கட்டோடு போயிருக்கும்.

அவளை எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸம்மா கூட, "நல்ல வேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க" என்றாள்.

அந்தச் சுவிட்சு சாய்ப்பில் இல்லை. மீட்டர் பலகை சமையற்கட்டுச் சுவரில் இருந்ததால் ரம்பத்தின் சுவிட்சையும் அங்கேயே வைத்திருந்தார்கள். உண்மையில் அன்றைக்கு அவள் சோற்றுப் பானையை இரண்டு கையாலும் சாய்த்துப் பிடித்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். சாய்ப்பிலிருந்து குமாரவேலின் குரல் வந்தது. அண்ணியை அவன் நங்கையா என்றுதான் கூப்பிடுவான்.

"நங்கையா, கரண்டு போச்சுங்க. சுவிட்ச்ச அமத்தீட்டீங்களா?"

"அமத்தியாச்சு தம்பி."

அமத்தவில்லை. பானையை இறக்கி வைத்துவிட்டு அமத்திக்கொள்ளலாம், இரண்டு எட்டில் இருக்கிற சுவிட்சுதானே என்று நினைத்தாள். கஞ்சி வடிந்து முடிவதற்குள் கரண்டு வந்துவிட்டது.

அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, "நாந்தாண்ணா மறந்துட்டேன்" என்று அண்ணனிடம் சொன்னபோது மருதம்மாள் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். மயக்கத்தில் பேசுகிறான், தெளிந்தால் சொல்வான் என்று காத்திருந்தாள். தெளிந்த பிறகும் அதையே சொன்னான். வலியில் அவனுக்கு எல்லாம் அழிந்துபோய்விட்டது என்று எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வது அவளுக்கு வசதியாக இருந்தது. மூன்று மாதமாக அந்த வசதிதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

இலையில் மூன்றாவது இட்லியை வைக்கும்போது நாச்சிமுத்து பேச்சைத் தொடங்கினார். எதிரே மருதம்மாளின் கணவன் மயில்சாமி உட்கார்ந்திருந்தான். பனியன் கம்பெனியில் மெசின் பிட்டர் அவன். அன்று அரை நாள் லீவு சொல்லியிருந்தான். தம்பி குமாரவேல் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, நான் சுத்தி வளைச்சுப் பேசற ஆளில்லீங்க. ரெண்டு வெரல் போனது ஒரு பெரிய குத்தமில்லை. எங்க ஊர்ல கரும்பாலையில கை குடுத்தவன் நாலு பேரு குடும்பம் நடத்தறான். எனக்கு உறுத்தறது வேற."

"சொல்லுங்க மாமா."

"ஓடற மெசினை அமத்தாம உள்ள கைய உடறவன், நாளைக்கு எதுல எல்லாம் மறப்பானோன்னு என்ற சம்சாரம் கேக்கறா. அவளுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இன்னிக்கு ஒரு முடிவு சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

மயில்சாமி தலை குனிந்தான். "அவன் அப்படி மறக்கற ஆளே இல்லீங்க. அன்னிக்கு மட்டும் என்னமோ."

மருதம்மாள் சட்னிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். வாசலில் துணி கொண்டு துடைக்கிற சத்தம் நின்றிருந்தது. குமாரவேலும் கேட்டிருக்கிறான்.

"நாங்க இப்ப சேக் தாவூது பாய் பட்டறைக்குப் போறமுங்க" என்றான் மயில்சாமி. "வேற ரம்ப மேசை பார்க்கோணும். துணி வெட்டற கட்டிங் டேபிளுக்கு மூணு பனியன் கம்பெனிக்காரங்க காத்திருக்காங்க. கைரம்பத்தை வெச்சுத் தம்பி ராப்பகலா அறுத்தும் முடியறதில்லை."

"மறுபடி அதே ரம்பமா?"

"அதேதான் வேணும்னு அவன் நிக்கறானுங்க. அதனாலதான் நல்லதாப் பாத்து எடுக்கோணும்."

"அப்ப நானும் வர்றேன். என்ற பொண்ணு இருக்கப்போற ஊடோ இல்லையோ, உள்ள என்ன மெசின் வருதுன்னு பாத்துக்கறேன்."

மயில்சாமி மனைவியைப் பார்த்தான். "நீயும் கிளம்பு மருதா. ஊட்டுக்குள்ள வெக்கற மெசின். அன்னிக்கு நீ இல்லைன்னா என்ன ஆயிருக்கும்? உன்ற கண்ணுக்கும் சரின்னு படோணும்."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். முகம் கழுவ நெடுநேரம் ஆயிற்று.

சேக் தாவூதின் பட்டறை தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் ஒரு பனியன் கம்பெனி. அதன் மெசின்கள் ஓடுகிற முனகல் சுவர் வழியாக எந்நேரமும் வந்துகொண்டிருக்கும். தாவூதுக்கு ஐம்பது வயதிருக்கும். தாடியில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"வாங்க மயில்சாமி. வாங்க அம்மணி. தம்பி, கை எப்படி இருக்குது?"

"இருக்கற வரைக்கும் நல்லாருக்குதுங்க பாய்" என்று குமாரவேல் சிரித்தான். அவன் அந்தக் கையை மறைப்பதில்லை. துண்டு போட்டு மூடியிருந்தால் மருதம்மாளுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

கொட்டகையில் மூன்று ரம்ப மேசைகள் வரிசையாக நின்றன. தாவூது முதலில் இருந்த சின்ன மெசினை ஒரு கையால் லேசாகத் தூக்கிக் காட்டினார்.

"அலுமினியத் தட்டு. ஒத்தை ஆள் தூக்கிக் கட்டிலுக்கு அடியில வெச்சுக்கலாம். மோட்டார் தண்டுலயே பிளேடு மாட்டியிருக்கு, பெல்ட்டுன்னு ஒண்ணு கிடையாது. ஊட்டுக் கரண்டே போதும். அலமாரி, ஸ்டூல், படச்சட்டம் இதுக்கெல்லாம் இதைவிட வேற வேண்டாம்."

"கட்டிங் டேபிளுக்கு?" என்றான் குமாரவேல்.

"அங்கதான் இடிக்கும். முக்கால் அங்குலப் பலகைக்கு மேல போனா மோட்டார் சூடேறி வாடை வரும். மெசினுக்குக் கனமில்லை. எட்டடிப் பலகையை வெச்சுத் தள்ளுனா பலகையோட மெசினும் சேர்ந்து நகரும். கத்துற கத்துக்கு அக்கம்பக்கத்து ஊடெல்லாம் சண்டைக்கு வரும்."

அடுத்தது மர மேசை. உள்ளூர் லேத்துப் பட்டறையில் செய்தது. மருதம்மாள் அதைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தாள். வீட்டில் இருந்ததற்கு உடன்பிறந்தது போல இருந்தது.

"இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான்" என்றார் தாவூது, கொஞ்சம் தயங்கி. "பன்னண்டு அங்குலப் பிளேடு. ரெண்டங்குல வேம்பும் வெட்டும். கட்டை சிக்குனா பெல்ட் வழுக்கும், மோட்டார் கருகாது. எது போனாலும் பக்கத்துத் தெருவுலயே கடைஞ்சு மாட்டிக்கலாம். உழைப்பாளி மெசின்."

"குறையைச் சொல்லுங்க பாய்" என்றார் நாச்சிமுத்து.

"மழைக்காலத்துல மேசை உப்பும். மேசை உப்புனா பலகையை ஒட்டி நகர்த்தற கைடு கோணிக்கும். கைடு கோணுச்சுன்னா பலகை நடுவுல நெருங்கி, தள்ளறவன் வயித்தைப் பாத்துத் திரும்பி வந்து அடிக்கும். பிளேடுக்கு மேல மூடி இல்லை. சுவிட்சு மெசின்ல இல்லை, நீங்க எங்க சுவத்துல வெக்கறீங்களோ அங்க."

மருதம்மாள் சுவரைப் பார்த்தாள். அவள் தோளுக்குப் பின்னால், கைக்கெட்டாத உயரத்தில் இல்லை, கைக்கெட்டுகிற உயரத்தில்தான், கறுப்புச் சுவிட்சு ஒன்று இருந்தது.

மூன்றாவது மெசின் கோயமுத்தூரிலிருந்து வந்தது. வார்ப்பிரும்பு மேசை, பச்சைப் பெயிண்ட். குமாரவேல் இடது கையை அதன் மேல் வைத்துத் தடவிப் பார்த்தான். மூன்று விரல் தடம் எண்ணெயில் விழுந்தது.

"இது யானை" என்றார் தாவூது. "மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. கைடு ரெண்டு முனையிலயும் பூட்டிக்கும், மயிரிழை நகராது. பிளேடைச் சாய்ச்சு வெட்டலாம். பிளேடுக்குப் பின்னால இந்தத் தகடு நிக்குது பாருங்க, வெட்டுன பலகை மறுபடி சேர்ந்து பிளேடைக் கவ்வாம இது பாத்துக்கும். மேல மூடி. ஆனா ஒண்ணு, இறக்கறதுக்கு ஆறு ஆள் வேணும். வெச்ச இடம் வெச்சதுதான், அப்புறம் சாய்ப்புல வேற எதுக்கும் இடம் இருக்காது. மூணு பேஸ் லைன் இழுக்கோணும். ஒரு சாமான் உடைஞ்சா கோயமுத்தூருக்குத்தான் எழுதிப் போடோணும். வர்ற வரைக்கும் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கோணும்."

நாச்சிமுத்து குனிந்து மெசின் பக்கவாட்டில் இருந்த சின்ன இரும்புப் பெட்டியைத் தொட்டார். பச்சைப் பட்டன் ஒன்று, சிவப்புப் பட்டன் ஒன்று.

"இது எங்க கெணத்து மோட்டார்ல இருக்கற ஸ்டார்ட்டராட்ட இருக்குதுங்களே."

"அதேதாங்க. கரண்டு போனா தானா உட்டுரும். திரும்பி வந்தாலும் பச்சையை அமுக்காம ஓடாது."

"நம்ம தோட்டத்துலயும் அப்படித்தான். கரண்டு வந்தா நான்தான் ஓடோணும், அது ஓடாது."

தாவூது சிரித்தார். மருதம்மாள் அந்தப் பச்சைப் பட்டனையே பார்த்தாள். இந்த ஒரு பெட்டி அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் அவள் சொன்னது வெறும் வாய்வார்த்தையாகப் போயிருக்கும். கஞ்சியை வடித்து முடித்து, அமத்தாததை யாருக்கும் தெரியாமல் அமத்தி, மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டிருப்பாள்.

"பாய், ரெண்டாவதை ஒருக்கா ஓட்டிப் பாக்கறனுங்க" என்றான் குமாரவேல்.

மயில்சாமி திடுக்கிட்டான். "அதை எதுக்குடா?"

"யானை வர்றதுக்கு லைன் இழுக்கோணும், அதுக்கு மாசக்கணக்காகும். அதுவரைக்கும் இது போதுமான்னு பாக்கோணுமில்ல? கம்பெனிக்காரங்க காத்திருக்காங்கண்ணா." பிறகு குரலைத் தாழ்த்தி, "பயந்துட்டேன்னு ஆயிரக் கூடாது" என்றான். மாமனாராக வேண்டியவர் நிற்கிறார் என்பதை அவன் மறக்கவில்லை.

தாவூது சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டார். பெல்ட் சடசடத்து, பிளேடு கண்ணுக்குத் தெரியாத வட்டமாயிற்று. குமாரவேல் ஒரு வேப்பம் பலகையைக் கைடோடு ஒட்டி வைத்துத் தள்ளினான். கடைசிக் கொஞ்சத்துக்குக் கையால் தள்ளாமல் ஒரு குச்சிக் கட்டையை எடுத்து வைத்துக்கொண்டான். நிதானமாக வேலை செய்தான். நாச்சிமுத்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிப் பலகை போயிருக்கும். சத்தம் இறங்கி, இறங்கி, நின்றது. பக்கத்துக் கம்பெனியின் முனகலும் நின்றுவிட்டது. கரண்டு போய்விட்டது.

"நாசமாப் போற கரண்டு. பத்துக்கு வந்து பத்தரைக்குப் போகுது" என்றார் தாவூது. வாசலில் யாரோ கூப்பிட, அப்படியே திரும்பி இரண்டு எட்டு வைத்தார்.

பலகை பிளேடைக் கவ்விக்கொண்டு நின்றது. நாச்சிமுத்து தோட்டக்காரர். சிக்கிக்கொண்ட எதையும் பிடித்து இழுத்துவிடுகிற கை அவருக்கு. "கவ்விருச்சே" என்று சொல்லிக்கொண்டே பலகையின் முனையை ஒரு கையிலும் பிளேடுக்குப் பக்கத்தில் மறு கையிலும் பிடித்தார்.

"மாமா, இருங்க, பாய், சுவிட்ச்ச—" என்று குமாரவேல் தொடங்கினான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் மருதம்மாள் சுவரிடம் இருந்தாள். எப்படித் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கையாலும் சுவிட்சை இழுத்துக் கீழே தள்ளினாள். தள்ளின பிறகும் பிடியை விடாமல் நின்றாள்.

சுவருக்கு அந்தப்புறம் மெசின்கள் எல்லாம் ஒன்றாக முனகத் தொடங்கின. கரண்டு வந்துவிட்டது.

மர மேசையில் பிளேடு அசையாமல் நின்றது. அதன் பல்லுக்கு நாலு விரற்கடை தள்ளி நாச்சிமுத்துவின் கை இருந்தது. மெதுவாக அவர் அதை எடுத்துக்கொண்டார். எடுத்துத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டார், ஏதோ ஈரம் பட்டது போல.

"கண்ணு" என்றார். அவர் குரல் மாறியிருந்தது. "ரெண்டாந்தடவை ஒருத்தன் கையக் காப்பாத்திருக்கற."

மருதம்மாள் அப்போதுதான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.

அவர் குமாரவேல் பக்கம் திரும்பினார். திட்டுவதற்காக அல்ல, வருத்தத்தோடுதான் சொன்னார். "பாத்தீங்களா மாப்ள, இந்தக் கவனம் அன்னிக்கு உங்ககிட்ட இருந்திருந்தா இந்தப் பேச்சுக்கே இடமில்லை."

"ஆமாங்க மாமா" என்றான் குமாரவேல். "என்ற தப்புதானுங்க."

அவன் அதைச் சொன்ன விதத்தில் மருதம்மாளுக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. மறந்தவன் இப்படிச் சொல்ல மாட்டான். ஒருமுறை கூட அவள் பக்கம் பார்க்காமல், தயாராக வைத்திருந்ததை எடுத்துக் கொடுப்பது போலச் சொன்னான். அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் நினைவிருந்தது.

"சித்தப்பா" என்றாள். "தம்பி கேட்டாருங்க."

"என்ன கேட்டாரு?"

"இப்ப கேட்டாருங்களே, சுவிட்ச்சன்னு. அன்னிக்கும் இதே மாதிரி கேட்டாரு. அமத்தியாச்சான்னு."

"நங்கையா, சும்மா இருங்க" என்றான் குமாரவேல்.

"அமத்தியாச்சுன்னு நாந்தான் சொன்னேன். அமத்தலீங்க. கையில பானை இருந்துச்சு. இறக்கி வெச்சுட்டு அமத்திக்கலாம்னு வாயில சொல்லிட்டேன். என்ற பேச்சை நம்பித்தான் அவரு கைய வெச்சாரு."

சொல்லி முடித்ததும் சுவரோடு சாய்ந்துகொண்டாள். கணவன் பக்கம் மட்டும் பார்வை போகவில்லை.

நாச்சிமுத்து குமாரவேலைக் கேட்டார். "நிசமா?"

குமாரவேல் பலகையிலிருந்து தூளைத் தட்டினான். "அண்ணன் ஊட்டுல இல்லாதப்ப நடந்ததுங்க. பழி யாரோ ஒருத்தர் மேல போகோணும். எனக்கு வெரல்தான் போச்சு. அவங்க சொல்லியிருந்தா அந்த ஊட்டுல ஒவ்வொரு வேளையும் என்ற கையப் பாத்துட்டே சோறு போடோணும்."

"இப்பவும் அப்படித்தான் போட்டேன்" என்றாள் மருதம்மாள்.

வாசலிலிருந்து திரும்பி வந்த தாவூது பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு நின்றார். நல்ல மனுஷன். எதையாவது சொல்லிக் கனத்தைக் குறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அம்மணி, உங்களை மட்டும் சொல்லி என்ன? மயில்சாமி, அந்த மேசையை வாங்கறப்பவே நான் சொன்னேன்ல? மர மேசைக்கும் ஒரு ஸ்டார்ட்டர் போட்டுக்கங்க, கோயமுத்தூர்ல இருந்து வர்றதுக்குப் பத்து நாள் ஆகும், பொறுத்துக்கங்கன்னு. ஊட்டு வேலைக்கு எதுக்குப் பாய், சமையக்கட்டுச் சுவிட்சே போதும்னு நீங்கதான் அவசரப்பட்டுத் தூக்கிட்டுப் போனீங்க."

மயில்சாமி பச்சை மெசினின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகம் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. மனைவி சொன்னதைக் கேட்டபோது எப்படி நின்றானோ, இதைக் கேட்டபோதும் அப்படியே நின்றான்.

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் கிளம்பறேன்."

"மாமா, முடிவு..." என்று குமாரவேல் இழுத்தான்.

"நீங்க மறக்கற ஆளில்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேன் மாப்ள. என்ற சம்சாரத்துக்கு அந்தப் பதில் போதும். ஆனா பொன்னாத்தாளுக்கு நான் எதையும் சொல்லப்போறதில்லை. மூணு மாசமா அவ அக்காளுக்குப் பிஞ்சுக் கத்தரிக்காய் பறிச்சிட்டிருக்கறா." மருதம்மாளைப் பார்த்தார். "அவகிட்ட நீ வந்து சொல்லோணும் கண்ணு. கேட்டுட்டு அவ என்ன சொல்றாளோ, அதுதான் முடிவு. அந்த ஊட்டுல உன்கூட இருக்கப்போறது அவதான்."

"எப்ப வரட்டுங்க?"

"அது உன்ற பாடு."

அவள் கணவனைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "ஏனுங்க, நான் இப்பவே சித்தப்பா கூடப் போய்ட்டு வரட்டுங்களா?"

மயில்சாமி போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் சித்தப்பாவின் பின்னால் நடந்தாள்.

மாற்றுச் சேலை கூட எடுக்கவில்லை என்பது அவளுக்கு உடுமலைப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கதவைப் பூட்டினோமா என்று யோசித்தாள். பூட்டியிருந்தாள். இரண்டு முறை இழுத்துப் பார்த்தது நினைவு வந்தது. ஆனி மாதத்திலிருந்து எல்லாவற்றையும் அப்படித்தான் இரண்டு முறை பார்க்கிறாள்.

பொன்னாத்தாளிடம் எப்படித் தொடங்குவது? 'உன்ற மாப்பிள்ளை கைய நாந்தான்' என்றா? அதற்கு மேல் வாக்கியம் ஓடவில்லை. சின்ன வயதில் வாய்க்காலில் தள்ளிவிட்டதற்கே ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் அவள்.

பஸ் உறுமியது. கண்டக்டர் பையைக் குலுக்கிக்கொண்டு வந்தார். முன்னால் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து திரும்பி அவளைக் காட்டி, "உடுமலை ரெண்டு" என்றார்.

"மூணா குடுங்க."

படிக்கட்டிலிருந்து வந்தது குரல். மயில்சாமி மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான். சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டு ஓடிவந்திருக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் பச்சை மெசினின் எண்ணெய்க் கறை இருந்தது.

மருதம்மாள் பாதி எழுந்தாள். அவன் அவளைத் தாண்டிப் போனான். நாச்சிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்து, அவரிடம் ஏதோ மெல்லச் சொன்னான். பஸ் சத்தத்தில் ஒரு சொல்லும் பின்னால் வரவில்லை. சித்தப்பா பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது மட்டும் தெரிந்தது.

தன் பங்கையும் பொன்னாத்தாள் முன்னால் சொல்வதற்காக வருகிறானா? அல்லது பொண்டாட்டியை அவள் பிறந்த ஊர்க்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒற்றையாகத் திரும்புவதற்காகவா?

பஸ் பல்லடம் ரோட்டில் திரும்பியது. இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, மருதம்மாள் அவனுடைய பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒருமுறை கூடத் திரும்பவில்லை.